வேல்ஸ் நாட்டில் தாய்மொழிப் பள்ளி



ஓர் ஆசிரியரின் நினைவைப் போற்றும் இந்தப் பொழிவுக்கு வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். ஒரு மொழியைப் பள்ளி வளர்க்கவும் செய்யும், குலைக்கவும் செய்யும். வேல்ஸில் இரண்டுமே நடந்தன. வளர்த்தவர்கள் யார், எப்படி வளர்த்தார்கள் என்பதே இன்றைய என் பேச்சு.

1588-இல் வில்லியம் மோர்கன் விவிலியம் முழுவதையும் வெல்ஷ் மொழியில் தந்தார். நூல் வந்துவிட்டது; வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் குறையைப் போக்க முனைந்தவர் கார்மார்தன்ஷயரில் லந்தௌரர் என்ற சிற்றூரின் பங்குக்குரு கிரிஃபித் ஜோன்ஸ். 1731 வாக்கில் அவர் சுற்றுப்பள்ளிகளைத் தொடங்கினார். ஆசிரியர் ஓர் ஊரில் மூன்று மாதம் தங்குவார். வயல் வேலை ஓய்ந்த குளிர்காலத்தில் தேவாலயத்திலோ பண்ணை வீட்டிலோ வகுப்பு நடக்கும். பகலில் குழந்தைகள் வருவார்கள். உழைத்துக் களைத்த பெரியவர்களுக்கு இரவு வகுப்பு. எழுத்தும் கணக்கும் கிடையாது, வாசிப்பு மட்டும்தான். பேசுகிற மொழியிலேயே சொல்லிக்கொடுத்ததால் அந்த மூன்று மாதம் போதுமானதாயிற்று. 1761-இல் அவர் மறைவதற்குள் இரண்டு லட்சம் பேர் வரை வாசிக்கக் கற்றார்கள் என்று கணிக்கிறார்கள். அன்று வேல்ஸின் மக்கள்தொகையே ஐந்து லட்சத்தை ஒட்டித்தான் இருந்தது.

அவருக்குப் பின் பணியை ஏற்று நடத்தியவர் பிரிட்ஜெட் பெவன் அம்மையார். 1779-இல் அவர் இறக்கும்போது பள்ளிகளுக்கென்று பத்தாயிரம் பவுண்டு எழுதிவைத்திருந்தார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். பணம் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் முடங்கியது, சுற்றுப்பள்ளிகள் நின்றுபோயின. அறக்கட்டளை வைப்பவர்களும் அதைக் காப்பவர்களும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. பாலா ஊரின் தாமஸ் சார்லஸ் ஞாயிறு பள்ளிகளைப் பரப்பி, அறுந்த இழையை மீண்டும் முடிந்தார்.

1847-இல் வந்தது வேல்ஸின் கல்வி நிலையைப் பற்றிய அரசு அறிக்கை. விசாரணைக்கு வந்த மூன்று வழக்கறிஞர்களுக்கும் வெல்ஷ் தெரியாது. பள்ளிகளின் அவலத்தை அவர்கள் கண்டது உண்மை. ஆனால் மக்களின் பின்தங்கலுக்கு அவர்களுடைய மொழியையும் காரணமாக்கினார்கள், ஒழுக்கத்தையும் பழித்தார்கள். நீல அட்டை போட்ட அந்தத் தொகுதிகளை ‘நீலப் புத்தகத் துரோகம்’ என்றே வேல்ஸ் மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அந்த நூற்றாண்டில் பல பள்ளிகளில் ‘வெல்ஷ் நாட்’ என்ற மரத்துண்டு இருந்தது. வெல்ஷில் பேசி அகப்பட்ட குழந்தையின் கழுத்தில் அதை மாட்டுவார்கள். வேறொரு பிள்ளை வெல்ஷில் பேசுவதைக் காட்டிக்கொடுத்தால் அது கைமாறும். பள்ளி விடும் நேரத்தில் யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குப் பிரம்படி. எந்தச் சட்டமும் இதைக் கட்டளையிடவில்லை. ஆங்கிலம் வந்தால்தான் பிழைப்பு என்று நம்பிய ஆசிரியர்களும் பெற்றோரும் தாங்களே ஏற்றுக்கொண்ட வழக்கம் இது. அதனால்தான் இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கூடுதலாக வலிக்கிறது.

லானுவ்க்லின் ஊர்ப் பள்ளியில் அந்தத் துண்டைக் கழுத்தில் சுமந்த சிறுவன் ஓ. எம். எட்வர்ட்ஸ், 1907-இல் வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளரானார். வகுப்பறையில் வெல்ஷுக்கு இடம் தரும்படி ஆசிரியர்களை வற்புறுத்தினார். அவர் மகன் இஃபான் 1939-இல் அபரிஸ்ட்வித்தில் ஏழு குழந்தைகளோடு ஒரு தனியார் வெல்ஷ் வழிப் பள்ளியைத் தொடங்கினார். போருக்கு அஞ்சி ஆங்கில நகரங்களிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளால் உள்ளூர் வகுப்புகள் ஆங்கிலமயமாகிவந்த நேரம் அது. ஆசிரியை நோரா ஐசக். 1947-இல் லனெல்லியில் உள்ளாட்சியே வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளி திறந்தது. 1956-இல் ரில் நகரில் முதல் வெல்ஷ் வழி உயர்நிலைப்பள்ளி எழுந்தது. 1988-இன் கல்விச் சட்டம் வெல்ஷைப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக்கியது.

இன்று வேல்ஸின் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெல்ஷ் வழியில் படிக்கிறார்கள். அவர்களில் பலர் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள். ஆயினும் 1911-இல் 43 விழுக்காட்டினருக்கு மேல் பேசிய மொழியை 2021 கணக்கெடுப்பில் பேசத் தெரிந்தவர்கள் 17.8 விழுக்காட்டினரே. 2050-க்குள் பத்து லட்சம் பேர் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. பள்ளியில் கற்றது கடையிலும் அலுவலகத்திலும் வீட்டிலும் புழங்கினால்தான் அது கைகூடும்.

இந்த வரலாற்றில் சட்டம் எப்போதும் பின்னால்தான் வந்திருக்கிறது. முன்னால் நடந்தவர்கள் ஒரு பங்குக்குரு, பணம் தந்த ஓர் அம்மையார், ஏழு குழந்தைகளைப் போதுமென்று ஏற்ற ஓர் ஆசிரியை, பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோர். அரசு வரட்டும் என்று அவர்கள் காத்திருந்திருந்தால் அரசு ஆதரிப்பதற்கே அங்கே பள்ளி இருந்திருக்காது. தாய்மொழிக் கல்வியில் அக்கறையுள்ளவர்கள் தம் ஊரிலேயே, கையில் இருப்பதைக் கொண்டே தொடங்க வேண்டும். வேல்ஸ் எனக்குக் கற்பித்தது இதுதான்.