துப்பாக்கியின் பூர்வீகம்



தை முதல் நாள் எங்கள் அவனியாபுரம் வாடிவாசலில் காளை வெளியே பாயும் முன்பே, அது எந்த ஊர் மாடு, யார் வளர்த்த மாடு என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார்கள். பழைய வேட்டைத் துப்பாக்கிக்கு அப்படி எடுத்துச் சொல்ல ஆளில்லை. செய்தவர், விற்றவர், வாங்கியவர் எல்லோரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நடுவில் ஒருவர் கட்டையை மாற்றியிருப்பார், இன்னொருவர் தொலைநோக்கி பொருத்தத் துளை போட்டிருப்பார். இப்படிக் கைமாறி உருமாறி வந்த துப்பாக்கியின் பூர்வீகத்தைக் கண்டறிவது பொறுமையும் நேர்மையும் கேட்கிற ஒரு கலை. அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

உள்ளே தோட்டா இல்லை என்பதை லைசென்ஸ் உள்ளவர் உறுதிசெய்த பிறகே இந்த வேலை தொடங்கும். பிறகு கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் செய்த குழல் என்றால், அதிக மருந்து வைத்து வெடித்துச் சோதித்து முத்திரை குத்தியிருப்பார்கள். லண்டனிலும் பர்மிங்காமிலும் அதற்கென்று சோதனை நிலையங்கள் இருந்தன. மகுடத்தின் கீழே பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகள் மூன்றும் இருந்தால், அது பர்மிங்காமில் 1904க்கும் 1954க்கும் இடையில் சோதிக்கப்பட்டது. ஆனால் முத்திரை காட்டுவது சோதித்த காலத்தை மட்டுமே. பழைய துப்பாக்கியைப் பிற்பாடு மறுபடி சோதித்திருக்கவும் கூடும். தேர்ந்தவர்கள் அந்த இடத்தில் அவசரப்படமாட்டார்கள்.

அடுத்தது துளையின் அளவு. 1907 வாக்கில், .450 அளவுள்ள வேட்டை ரைஃபிள்களும் தோட்டாக்களும் இந்தியாவுக்குள் வர பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. கலகக்காரர்கள் கையில் இருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகள் பயன்பட்டுவிடும் என்ற அச்சம்தான் காரணம். உடனே இங்கிலாந்துக் கம்பெனிகள் .465, .470 என்று புதிய அளவுகளைக் கொண்டுவந்தன. ஆகவே இந்த அளவில் ஓர் இரட்டைக்குழல் ரைஃபிள் கிடைத்தால், அது அந்தத் தடையை ஒட்டியோ அதற்குப் பிறகோ பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கலையின் அருமையை வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் ரைஃபிளில் பார்க்கலாம். லண்டன் ரிக்பி கம்பெனி, ஜெர்மனியின் மௌசர் அமைப்பை வைத்துச் செய்த .275 ரைஃபிள் அது. 1905இல் கல்கத்தா மான்டன் கம்பெனிக்கு அது விற்கப்பட்டதை ரிக்பியின் கணக்குப் பேரேடு சொல்கிறது. கட்டையில் ஒரு வெள்ளித் தகடு பதித்திருக்கிறது. 1907இல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹிவெட் கார்பெட்டுக்கு வழங்கியது என்று அதில் பொறித்திருக்கிறது. பேரேடு பாதி, தகடு பாதி. இரண்டையும் சேர்த்தால்தான் லண்டனிலிருந்து கல்கத்தா வழியாகக் குமாவுன் மலைக்கு வந்த பாதை துலங்கும்.

சம்பாவத் புலியைச் சுட்டதே இந்தத் துப்பாக்கிதான் என்று யாராவது சொன்னால், தகடே அதை மறுத்துவிடும். புலி செத்த பிறகு வந்த பரிசு இது. குடும்பத்திலோ ஊரிலோ வழங்கும் கதையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பொருளிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

நம் பக்கத்துக்கு வருவோம். ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் அலைந்து எழுதிய வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் நம்பியது .405 வின்செஸ்டர் ரைஃபிளை. அது 1895 மாடல். அந்த மாடலில் 59,999 வரையான அடையாள எண்களுக்குரிய தொழிற்சாலைக் குறிப்புகள் அமெரிக்காவின் கோடி (Cody) நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால், எந்த உருவில் ஆலையை விட்டு வெளியேறியது என்று எழுதி அனுப்புவார்கள். அதைக் கையிலிருக்கும் துப்பாக்கியோடு ஒப்பிட்டால், பிற்பாடு எது மாறியது என்று தெரிந்துவிடும்.

மாறியதைக் குறை என்று நினைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. வால்நட் கட்டை இருந்த இடத்தில் நம் ஊர் ஈட்டி மரம் இருந்தால், இங்கே ஓர் ஆசாரியின் கை பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். கட்டையின் நுனியை அறுத்துக் குட்டையாக்கியிருந்தால், குட்டைக் கையுள்ள ஒருவர் அதைத் தோளில் வைத்திருக்கக்கூடும். பழசைப் புதுசாக்குகிறேன் என்று எல்லாவற்றையும் தேய்த்துப் பாலிஷ் போடுகிறவர் இந்தச் சாட்சிகளையெல்லாம் அழித்துவிடுகிறார்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் அந்த வேட்டைக்காலம் முடிந்துவிட்டது, முடிந்தது நல்லதே. காட்டில் என்ன நடந்தது என்பதற்கு இந்தப் பொருள்களும் சாட்சி என்பதால்தான் இவற்றை ஆராயச் சொல்கிறேன். தாத்தா காலத்துத் துப்பாக்கி லைசென்ஸோடு வீட்டில் இருப்பவர்கள், பழைய லைசென்ஸ் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண், கம்பெனி, துளை அளவு, யார் பெயரில் எந்த ஆண்டு என்று தலைமுறைக் கணக்கே அதில் இருக்கும். முத்திரைகளைப் படமெடுத்து வையுங்கள். எண்ணின் மேல் அரம் படவே கூடாது. அடையாள எண் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். பெரியவர்கள் சொல்லும் கதையையும் தனியே எழுதி வையுங்கள். இரும்பு சொல்வது எது, வாய்மொழி சொல்வது எது என்று பிரித்து எழுதினால், நாளை ஆராய வருகிறவர் உங்களை நம்பித் தொடங்குவார்.