தையல் பிரித்த பிறகுதான் கவனம் வேண்டும்

(நமது அறக்கட்டளையின் சர்க்கரை நோயாளிகள் கூட்டத்தில், மருத்துவ மையத்தில் காயங்களுக்குக் கட்டுப் போடும் சகோதரி ஆற்றிய உரை)





எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. கட்டுப் போடும்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இன்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்கள். என் வாப்பாவுக்கு நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

வாப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். கொல்லையில் கிடந்த பழைய தகரம் பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே கிழித்துவிட்டது. ஏழு தையல் போட்டார்கள். 14 நாள் கட்டிலை விட்டு அதிகம் இறங்காமல் ஒழுங்காக இருந்தார். தையல் பிரித்து வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு நடந்தே போனார். பள்ளிவாசல் முற்றத்தில் வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்தார். வலிக்கவில்லை. வலிக்காததால் அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. நான்கு நாள் கழித்துப் பாயில் கறை இருப்பதை உம்மாதான் கண்டார். காயம் பிளந்து உள்ளே சீழ் வைத்திருந்தது. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

தையல் பிரித்தாயிற்று, இனி ஒன்றுமில்லை என்று நாங்கள் நினைத்ததுதான் தவறு. தையல் பிரிக்கும் நாளில் தோல் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்துக்குப் பழைய பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரும். மூன்று மாதம் போனால்தான் ஏறக்குறைய 80 சதவீதம். அதற்கு மேல் பெரும்பாலும் வருவதில்லை. கையில் பட்ட காயமாக இருந்தால் கையைச் சும்மா வைத்திருக்கலாம். பாதமோ ஒவ்வொரு அடியிலும் உடம்பு முழுவதையும் தாங்குகிறது. அதனால்தான் கால் காயத்துக்கு இத்தனை சொல்கிறோம்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நடை. தையல் பிரித்த முதல் வாரம் வீட்டுக்குள் தேவைக்கு மட்டும் நடங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உட்காரும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள், வீக்கம் குறையும். தாய்மார்கள் அடுப்படியில் நின்றுகொண்டே வேலை பார்ப்பதை நானும் பார்க்கிறேன். காய் நறுக்குவதையாவது உட்கார்ந்து செய்யுங்கள். வீட்டுக்குள்ளும் மென்மையான செருப்பு போடுங்கள். வார் காயத்தின் மேல் உரசக் கூடாது. போடும் முன் செருப்புக்குள் கல், முள் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

இரண்டாவது தண்ணீர். முதல் ஒரு நாள் நனைய விடாதீர்கள். பிறகு, காயம் எங்கும் திறந்திராவிட்டால், ஓடும் தண்ணீரில் சாதாரண சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவலாம். தேய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். விரல் இடுக்குகளில் ஈரம் நிற்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஒளு செய்கிற நாம் இதைத்தான் மறக்கிறோம். ஈரக் காலோடு அப்படியே செருப்பைப் போட்டால் தோல் ஊறி வெளுத்துப் பிரியும். பையில் ஒரு சிறு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில், குளத்தில், கடலில் காலை ஊற வைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சுடுவது தெரியாமல் கொப்பளம் வந்துவிடும்.

நனைக்கவே கூடாது என்று மருத்துவர் சொன்னால், நனைக்காதீர்கள். நோயாளிக்குத் தயம்மும் செய்யும் சலுகையைக் குர்ஆனே தந்திருக்கிறது. கட்டு இருந்தால் எப்படிச் செய்வது என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சஜ்தாவிலும் இருப்பிலும் விரல்கள் மடங்கி அடிப்பாதத் தோல் இழுபடும். அது ஆறும்வரை நாற்காலியில் உட்கார்ந்து தொழ வெட்கப்பட வேண்டாம்.

மூன்றாவது, காயத்தில் எதைப் போடுவது? மஞ்சள், காப்பித்தூள், சாம்பல், எண்ணெய், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். மருத்துவர் தந்த மருந்து மட்டும் போதும். காய்ந்த பொருக்கைப் பிய்க்காதீர்கள், தானே விழும். காகிதப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் அதுவும் தானே உரியட்டும். முழுவதும் மூடிய பிறகு தோல் வறண்டு அரித்தால் கொஞ்சம் வாசலின் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் பெரிய மருந்து. முட்டை, மீன், பருப்பு சாப்பிடுங்கள். பீடி, சிகரெட் காலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும்; காயம் ஆறும்வரையாவது விடுங்கள், பிறகு அப்படியே விட்டுவிடுங்கள்.

நான்காவதுதான் மிக முக்கியம். தினமும் பாருங்கள். மஃரிபுக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் பாதத்தின் அடியைப் பார்க்கப் பழகுங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண் மங்கியவர்களுக்கு மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ பார்த்துச் சொல்லட்டும். வலியை நம்பிக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோய் நரம்பை மரக்க வைத்துவிட்டால் காயம் பிளந்தாலும் வலிக்காது.

காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா? தொட்டால் சுடுகிறதா? வீக்கம் கூடுகிறதா? சீழ், நாற்றம், கறுப்பு நிறம் தெரிகிறதா? காய்ச்சல், நடுக்கம் இருக்கிறதா? காலில் மேல்நோக்கிச் செந்நிறக் கோடு ஏறுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். நாளை பார்க்கலாம், வெள்ளிக்கிழமை கழியட்டும் என்று தள்ளாதீர்கள். காயம் பிளந்துவிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, மூடிக்கொண்டு கிளம்புங்கள். நீங்களே இழுத்துப் பிளாஸ்டர் ஒட்டாதீர்கள். அழுக்கு உள்ளேயே தங்கிவிடும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவுக்குப் பயந்தோ, பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்றோ காயத்தை மறைக்கிற பெரியவர்களைத் தினமும் பார்க்கிறேன். எங்கள் வாப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றும். நம் மையத்தில் கட்டு மாற்றக் காசு வாங்குவதில்லை. சந்தேகம் என்றால் வந்து காட்டுங்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் காலையும், வீட்டிலுள்ள பெரியவர்களின் காலையும் ஒருமுறை பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.