பட்டம் பறித்தல்: ஒரு சொல்லாய்வு

'பட்டம்' என்பது நெற்றியில் அணியும் பொற்றகடு. பின்பு பதவியையும் குறித்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலம் ஆதீனத்திலும் பட்டம் உண்டு. விழுப்புரத்துக் கத்தோலிக்கரிடையே 'குருப்பட்டம்' உண்டு. குருவை விலக்குதலை ஆங்கிலம் 'அங்கி களைதல்' என்னும் பொருளில் வழங்கும். தமிழ் வழக்கோ 'பட்டம் பறித்தல்'.

பறிப்பது எதனை? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 290ஆம் விதிப்படி, முறையாகப் பெற்ற திருநிலைப்பாடு என்றும் செல்லாததாகாது, இழக்கப்படுவது குருநிலையே. விலக்கப்பட்டவரும் சாகுந்தறுவாயில் இருப்பவர்க்குப் பாவமன்னிப்பு அளிக்கலாம் என்கிறது 976ஆம் விதி. தண்டனையாக நீக்கப்படுவோர் உளர். தாமே வேண்டி விடுபடுவோரும் உளர். 'பறித்தல்' இருவரையும் குற்றவாளியாக்குகிறது.

ஆதலின் முன்னவர்க்குக் 'குருநிலை நீக்கம்', பின்னவர்க்குக் 'குருநிலை விடுவிப்பு' என்பனவே தகும். கவிஞர்களே, சொல்லொன்று தவறின் மனிதரொருவர் மானம் இழப்பார்.