மாணவிகள் செய்த செயற்கைக்கோள்

விஞ்ஞானத்தில் மாணாக்கருக்கு ஊக்கம் பிறப்பது எவ்வாறு என்று நாம் அடிக்கடி வினவுகிறோம். அதற்கு ஒரு விடையை 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் கண்டோம்.

நாடெங்குமுள்ள 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள், வல்லுநர் துணையுடன் நிரல் எழுதப் பயின்று, 75 சிறு கருவிகளை அமைத்தனர். அவற்றைத் தாங்கிய 'ஆசாதிசாட்' என்னும் செயற்கைக்கோள் அன்று புறப்பட்டது. ஆயின் ராக்கெட் அதனை உரிய வட்டப்பாதையில் சேர்க்கவில்லை. பூமியை 76 கிலோமீட்டர் வரை நெருங்கும் நீள்வட்டத்தில் விட்டது. அவ்வுயரத்தில் காற்றின் தடை உண்டாதலால் கோள் நிலைக்கவில்லை. மாணவியர் உழைப்பும் அதனோடு மறைந்தது.

பொறியியலாளர் காரணத்தை ஆராய்ந்தனர். இரண்டாம் அடுக்குப் பிரிந்தபோது எழுந்த அதிர்வைக் கண்டு, உணர்கருவிகள் பழுதுற்றன என ராக்கெட்டின் கணினி தவறாகக் கொண்டுவிட்டது. அக்குறை திருத்தப்பெற்றது. 2023 பிப்ரவரி 10-ஆம் நாள், மாணவியரின் கருவிகளுடன் ஆசாதிசாட்-2 உரிய பாதையை அடைந்தது.

தேர்வுத்தாளில் தவறான விடை அடிக்கப்படுவதோடு முடிந்துவிடுகிறது. இங்கோ தவற்றிலிருந்தே அடுத்த பாடம் தொடங்கியது. பள்ளிகளுக்குக் கணினிகளை வழங்கும் நாம், பிழை செய்து, காரணம் கண்டு, மீண்டும் முயலுதற்குரிய அவகாசத்தையும் மாணாக்கருக்கு வழங்குவோமாக.