பிள்ளைகளும் நாமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மக்களை வளர்ப்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்ட ரயில்வே எழுத்தரை அழைத்தது கல்வி கருதியன்று. மூன்று பிள்ளைகளைப் பெற்ற அனுபவம் கருதியே என்று கொள்கிறோம்.

மகனைக் கற்றோர் அவையில் முன்னிற்கத் தகுதியாக்குவதே தந்தையின் கடன் என்று வள்ளுவர் ஏழாம் அதிகாரத்தில் வகுத்தார். கரக்பூரில் வாழும் நாம் எந்த அவையைக் கருதுவது? பள்ளியில் ஆங்கிலம், கடைத்தெருவில் வங்காளம், விளையாட்டுத் திடலில் இந்தி, அடுத்த குவார்ட்டர்ஸில் தெலுங்கு. எங்கும் நம் குழந்தைகள் அஞ்சாது பேசுகின்றனர். தமிழில் மட்டும் வாய் திறப்பதில்லை. இது பள்ளியின் குறை, காலத்தின் குறை என்றே சொல்லி வந்தோம்.

சில மாதங்களுக்கு முன், "அப்பாவிடம் தமிழில் பேசினால் என்னம்மா?" என்று எங்கள் இளைய மகளைக் கேட்டோம். பத்து வயதுக் குழந்தை. "தமிழ் என்றால் நீங்கள் திட்டுவதுதானே, அப்பா" என்று இந்தியில் விடை பகர்ந்தாள்.

அன்றிரவு பார்சல் அலுவலகத்தில் ரசீதுகளுக்கிடையே அச்சொல்லே கண்முன் நின்றது. குழந்தை கூறியதில் பொய்யில்லை. இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பி, "எழுந்திரு, குளி, சத்தம் போடாதே" என்று கட்டளையிட்டுப் படுத்துவிடுகிறோம். மாலையில், "படி, மதிப்பெண் எங்கே?" வேடிக்கையும் சிரிப்பும் அலுவலக நண்பர்களோடு, இந்தியில். வீட்டில் தமிழுக்கு நாம் அளித்த வேலை அதட்டுவது ஒன்றே. (தாய்மார்கள் புன்னகை செய்வது தெரிகிறது!)

நம் தந்தையாரும் அதட்டியே வளர்த்தார். ஆனால் அன்று பாட்டி கதை சொன்னாள். தோழர்கள் கேலி செய்தனர். தெருவெல்லாம் தமிழ் இருந்தது. இங்கோ பாட்டியும் தோழனும் தெருவும் தாய் தந்தையரே ஆக வேண்டியிருக்கிறது.

ஆண்டுக்கு 3 பாஸ் கிடைத்தும், வண்டியேறியதும் மேல் படுக்கையில் உறங்குவதே நம் வழக்கம். சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது உறங்கவில்லை. மகளை அருகில் அமர்த்தி, அவள் வயதில் நாம் கணக்கில் 100க்கு 12 பெற்று, அத்தாளை நெற்குதிரில் ஒளித்துவைத்த கதையைச் சொன்னோம். முதலில் நம்பவில்லை. பின்னர் விழுந்து விழுந்து சிரித்தாள். ராஜமந்திரி தாண்டியதும், "அப்புறம்?" என்று தமிழிலேயே கேட்டாள். வண்டி கோதாவரிப் பாலத்தில் ஏறிவிட்டது. அவ்விரைச்சலில் குரல் கேளாது. பாலம் கடக்கும்வரை காத்திருந்து மீதியைச் சொன்னோம்.