ஹெலிகொப்டர் ஓட்ட விரும்பும் இளைஞர்க்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பலாலி 2019ஆம் ஆண்டு சர்வதேச விமான நிலையமாயிற்று. ஹெலிகொப்டர் ஓட்டும் ஆசை நம் பிள்ளைகள் சிலர்க்கும் உண்டு. நல்ல ஆசையே. ஆயினும் காணியை ஈடுவைக்குமுன் கணக்கை அறிதல் வேண்டும்.

சர்வதேச விதிப்படி, சம்பளத்துக்கு ஓட்டும் அனுமதிப்பத்திரம் பெற 18 வயது நிரம்பவேண்டும். 150 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சிநெறியாயின் 100 மணி போதும். ஆங்கிலப் பேச்சுத் தேர்ச்சியும் முதலாந்தர வைத்தியச் சான்றிதழும் இன்றியமையாதன. விளக்குகளின் நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்க்கு அச்சான்றிதழ் தடைப்படும். ஆதலின் முதலில் வைத்தியப் பரிசோதனை. பின்னரே பயிற்சிப் பணம்.

மாணவன் வாங்கவேண்டிய உபகரணம் சொற்பம்: காதிற் பூணும் ஹெட்செற், வரைபடம், பறப்புப் பதிவேடு. செலவெல்லாம் இயந்திரம் சுழலும் மணிக்கே.

நிற்க. பத்திரம் கிடைத்தவுடன் உத்தியோகம் கிடையாது. கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆளேற்றும் கம்பனிகள் அனுபவம் மிக்கவரையே நாடும். மேனாடுகளிற் புதியவர் பலர் பயிற்சியாசிரியராயிருந்தே மணிகளைச் சேர்க்கின்றனர். நம் நாட்டிலோ ஹெலிகொப்டர்களுட் பெரும்பாலன விமானப்படையிடமே உள்ளன; வெளியில் இடம் மிகச் சில.

பெற்றோரே, ஆசையை முளையிற் கிள்ளாதீர்கள். பிள்ளைகளே, அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போகுமுன் உங்கள் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். திருவருள் துணைநிற்பதாக.