எதிர்காற்றில் உழக்கும் இதயம்

சோளகக் காற்று பெயர்ந்துவிட்டால் யாழ்ப்பாணத்து வேலணையிலிருந்து வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவு இறுப்பிட்டிக்குச் சைக்கிள் உழக்கி வருகிறவரின் பாடு பெரும்பாடுதான். இரண்டு பக்கமும் கடல். எதிர்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அந்த நெஞ்சுக்குள்ளே, ஓய்வில் நிமிடத்துக்கு 5 லீற்றர் இரத்தம் அனுப்புகிற இதயம் இப்போது 15, 20 லீற்றர் என்று இறைத்துக்கொண்டிருக்கும்.

இதற்குச் சக்தி தருகிற அடுப்புகள் கலங்களுக்குள் இருக்கும் இழைமணிகள். இதயத் தசைக் கலத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை அவையே பிடித்திருக்கின்றன. அடுப்பு எரிந்தால் புகையும். சுப்பர் ஒட்சைட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு ஆகியவைதான் இந்த அடுப்பின் புகை. கலத்தின் கொழுப்பையும் புரதத்தையும் அவை கெடுக்கும். துடைக்கிற நொதியங்களை மீறிப் புகை சேர்வதைத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்கிறார்கள். களைத்துச் சோரும்வரை ஓடவிட்ட எலிகளின் தசையிலும் ஈரலிலும் இந்தப் புகை இரண்டு மூன்று மடங்கு கூடியதை 1982இல் கலிபோர்னியாவில் அளந்தார்கள்.

அப்படியானால் ஓடாமல் இருப்பதுதான் நல்லதா? இல்லை. நாள்தோறும் பயிற்சி பெற்ற எலிகளின் இதயத்தில் துடைக்கும் நொதியங்களும் பெருகின. இரத்தம் தடைப்பட்டு மீள ஓடும்போது உண்டாகும் சேதத்தையும் அந்த இதயங்கள் கூடுதலாகத் தாங்கின.

வல்வெட்டித்துறை நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைப் போகவர நீந்தினார், 51 மணித்தியாலம். ஒருநாள் எழும்பிக் கடலில் குதித்துச் செய்கிற காரியமல்ல அது; பழகிய உடல் வேண்டும்.

பழகாமல் இறங்கினால்? ரொறன்ரோவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வரும் மாமா ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும் கதிரை. வந்த மறுநாளே மருமக்களோடு தாம்போதியில் சைக்கிள் போட்டி. 1993இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று மாரடைப்பு வந்த 1,228 பேரிடம் விசாரித்தது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவருக்குக் கடும் உழைப்பை அடுத்த ஒரு மணித்தியாலத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து மற்ற நேரத்தைவிட நூறு மடங்குக்கு மேல். கிழமையில் ஐந்து நாள் பழகியவருக்கோ 2.4 மடங்குதான். இதற்குப் புகை மட்டும் காரணமல்ல. திடீரென ஏறும் இரத்த அழுத்தத்தில் குழாய்ச் சுவரின் கொழுப்புப் படிவு வெடிப்பதும் உண்டு.

மாமாவின் பெட்டிக்குள் விற்றமின் போத்தலும் இருக்கும். புகையைப் போக்க அதை விழுங்கலாமே? 2009இல் ஜேர்மனியில் நான்கு கிழமை பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் விற்றமின் சியும், அதோடு விற்றமின் ஈயும் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலைசெய்யத் தொடங்கும் நன்மை மாத்திரை எடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. உடலைப் பழக்குகிற கொஞ்சப் புகையையும் மாத்திரை அணைத்துவிட்டது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். பழம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம்: ஒரு தோடம்பழத்தில் இருப்பது ஏறக்குறைய 70 மில்லிகிராம்.